பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு

என்கிறது மீற்றர்.
நாலு மட்டும்
மற்ற இலக்கங்களைவிட மயிரிழை கீழே நிற்கிறது,
குறூப் படத்தில் முழங்கால் மடித்த பிள்ளை மாதிரி.

காணிக் கந்தோரில் பதினாறு வருஷம்.
மூன்றைச் சுரண்டி எட்டாக்கிய பரப்புக் கணக்கை
உறுதியின் மறுபக்கத்தில் விரலால் தடவியே சொல்வேன்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
சைக்கிளைச் சுற்றி ஒருதரம் நடந்தேன்.

"கோயிலுக்கும் சந்தைக்கும் ஓடினது, பிள்ளை.
மழை காணாத சாமான்.
லீற்றருக்கு ஐம்பது குடுக்கும்,
கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்"
என்றார் நீக்கிலாஸ் அண்ணை.

கண்ணைத் திறந்துகொண்டு குந்தினேன்.

இளவாலையில் கோயில் கூப்பிடு தூரம்,
சந்தை அதற்குக் கொஞ்சம் அங்கால்.
அப்படியென்றால் பிறேக் மிதியின் வரிகள் எங்கே போயின?
வெள்ளிக் கரண்டிபோல் வழுவழுத்துக் கிடக்கிறதே.
செயின் சில்லின் பற்கள்
கைதடி வெளிப் பற்றைகள் சோளகத்துக்குச் சாய்ந்ததுபோல்
எல்லாம் ஒரே பக்கம்.
கால் வைக்கும் றப்பர் மட்டும் புத்தம் புதுசு.
பழசைக் கண்டு நான் பயப்படுவதில்லை;
பழசுக்கு நடுவில் இருக்கிற புதுசைக் கண்டுதான்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை.
பருத்தித்துறை முனையில் ஏறி
தேவேந்திர முனையில் இறங்க வேண்டும்.
போக அறுநூறு, வர அறுநூறு,
வழி தவறுவதற்கென்று இருநூறு.
ஒன்பது நாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.
ஆர் கூட வருகினம் என்று கேட்டவர்களுக்கு
ஒரு பதிலும் கொடுக்கவில்லை.

சீற்றைக் கழற்றச் சொன்னேன்.
"அதுக்குள்ள என்ன இருக்கு" என்றார்.
இருந்தது:
தாண்டிக்குளத்து ஒயில் கடையின் மஞ்சள் ஸ்ரிக்கர்,
பேனையால் எழுதி, வியர்வையில் கலங்கி:
அடுத்த மாற்றம் 64,000.

முற்றத்தில் நாய் உடம்பைச் சொறிந்தது.
அண்ணை நெடுநேரம் அந்த மஞ்சளையே பார்த்தார்.
பிறகு சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு
எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

"லீசிங் கொம்பனிக்குக் காசு சேர்க்கப் போனனான்.
கிளிநொச்சி, துணுக்காய், மல்லாவி.
ஒவ்வொரு படலையிலயும் பிறேக்.
சத்தம் கேட்டாலே பொம்பிளையள் பின்பக்கத்தால போயிடுவினம்.
சின்னதுகள்தான் வந்து அம்மா இல்லை எண்டு சொல்லும்.
அந்தக் கிலோமீற்றர் எனக்கு வேண்டாம் எண்டுதான்..."

"விலையும் கூடும்தானே, அண்ணை."

"அதுவும்தான்" என்றார்,
முகத்தை மறைக்காமல்.

அந்த "அதுவும்தான்" எனக்குப் பிடித்திருந்தது.
என் சாதகத்திலும் அம்மா மூன்று வருஷம் சுற்றித்தான்
தரகரிடம் கொடுத்தவ.
வந்த ஆட்கள் ஒருவரும்
சீற்றுக்குக் கீழே பார்க்கவில்லை.

உதைத்தேன்.
இரண்டாம் உதையில் பிடித்தது.
இரண்டு சிலிண்டரும் ஒன்றையொன்று முந்தாமல்
கதைத்துக்கொண்டு நின்றன.
புகைக்குழலின் வாயில் வெள்ளைக் கைலேஞ்சியைப் பிடித்தேன்:
கொஞ்சம் ஈரம், ஒயில் இல்லை.
ஓடாமல் நின்று துருப்பிடித்ததைவிட
ஓடி ஓடித் தேய்ந்தது தேவலை;
தேய்ந்ததற்கு எங்கே தேய்ந்ததென்று தெரியும்.

மூன்று இருபது, இரண்டு அறுபத்தைந்தாகியது.
பற்றுச்சீட்டில் உண்மையான ஓட்டத்தை எழுதச் சொன்னேன்.
பேனையை வைத்துக்கொண்டு யோசித்தார்.
"எண்பது... எண்பத்து மூண்டு இருக்கும்.
சரியாய்த் தெரியாது."
அதையும் எழுதச் சொன்னேன்:
சரியாய்த் தெரியாது.

வல்லை வெளியில் காற்று பக்கவாட்டில் தள்ளியது.
பதினெட்டாயிரத்து நானூற்று முப்பது.
நாலு இன்னமும் கீழேதான் நிற்கிறது.
திருத்துவிக்கிற எண்ணம் இல்லை.

நெல்லியடிக்கு முன்னம்
பெற்றோல் அடிக்க வேண்டும்.
ஐம்பது குடுக்குமாம்.
பார்ப்போம்.